படுக்கையறையில் ஏசி ஒழுகிய இரவு

அக்கா (இரவு 9:40): யாராவது விழித்திருக்கிறீர்களா? படுக்கையறை ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. முதலில் ஓரத்தில் துளித்துளியாக விழுந்தது, இப்போது சுவரோடு வழிகிறது. தலையணை நனைந்துவிட்டது.

நான் (9:42): உடனே ஏசியை நிறுத்து. அதற்கு மின்சாரம் தரும் எம்சிபி சுவிட்சையும் இறக்கிவிடு. கட்டிலை நகர்த்திவிட்டு அடியில் ஒரு பாத்திரம் வை.

அக்கா (9:47): வைத்துவிட்டேன். சர்வீஸ்காரருக்குப் போன் செய்தேன். வந்து பார்க்காமலேயே குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கும், நாளை நிரப்பிவிடலாம் என்கிறார்.

சித்தப்பா (9:52): அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதேம்மா. இருபது வருடம் இதே வேலை பார்த்தவன் சொல்கிறேன், கேஸ் பேச்சு கடைசியில்தான் வரவேண்டும். இரண்டு விஷயம் பார்த்துச் சொல். ஏசித் தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் பைப்பில், வெளியே தண்ணீர் வந்துகொண்டிருந்ததா? முன்மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழற்றினால், பின்னால் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் வெள்ளையாக ஐஸ் தெரிகிறதா?

அக்கா (9:58): ஐஸ் இல்லை, ஈரமாகத்தான் இருக்கிறது. ஃபில்டர் போன வாரம் கழுவியது. பைப் தண்ணீர் விழும் பால்கனி வாளியில் மாலை இருந்த அளவுதான் இப்போதும் இருக்கிறது.

சித்தப்பா (10:01): குளிர்ச்சி?

அக்கா (10:01): கொஞ்சமும் குறையவில்லை சித்தப்பா.

சித்தப்பா (10:05): பிறகு எதற்குக் கேஸ்? கசிவு இல்லாமல் கேஸ் குறையாது. கேஸ் குறைந்தாலோ ஃபில்டர் அடைத்தாலோ காயிலில் ஐஸ் கட்டும், அது உருகும்போது அடியில் தண்ணீர் சேரும் ட்ரே தாங்காமல் வழியும். உன் வீட்டில் நடப்பது அதுவல்ல. அறைக்காற்றின் ஈரம் காயிலில் பட்டுத் தண்ணீராகிறது. புழுக்கமான நாளில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வரும். அது ட்ரேயில் விழுந்து, பைப்பின் சரிவில் தானாக வெளியே ஓடவேண்டும். பெரும்பாலான ஸ்ப்ளிட் ஏசியில் அதைத் தள்ளுவதற்குப் பம்ப் எதுவும் கிடையாது. அதனால் வழியில் சின்னத் தடை இருந்தாலும் உள்ளே திரும்பிவிடும். சரி, பைப் முனை வாளிக்குள் எப்படி இருக்கிறது?

அக்கா (10:08): அடிவரை விட்டிருக்கிறேன். செடிகளுக்கு ஊற்றத் தண்ணீர் பிடிக்கிறேன். தெறிக்காமல் இருக்கட்டும் என்று போன வாரம்தான் நீளக் குழாய் மாட்டினேன்.

சித்தப்பா (10:10): கோளாறு அங்கேதான். முனை தண்ணீரில் மூழ்கினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும், தண்ணீர் நகராது. குழாய் ஏறி இறங்கிக் கிடந்தால் இன்னும் மோசம். முனையை வெளியே எடுத்து, குழாயை நேராக்கிப் பார்.

அக்கா (10:15): எடுத்தேன். ஒரு டம்ளர் அளவு வந்து நின்றுவிட்டது.

சித்தப்பா (10:16): அப்படியென்றால் பாசியும் பிடித்திருக்கிறது. ஈரம் இழுக்கும் வாக்குவம் கிளீனர் யாரிடம் இருக்கிறது? சாதாரணமானது ஆகாது, தண்ணீர் பட்டால் மோட்டார் போய்விடும்.

நான் (10:17): என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். வாயால் ஊதினால் போதாதா சித்தப்பா?

சித்தப்பா (10:19): ஊதவே கூடாது. அழுக்கு ட்ரேக்கே திரும்பும். உள்ளே இணைப்பு கழன்றால் சுவருக்குள் ஒழுகும், வெளியே தெரியவே நாளாகும். வெளிமுனையிலிருந்து உறிஞ்சுங்கள். நீளக் குழாயைக் கழற்றிவிட்டு, பைப்பும் வாக்குவம் வாயும் சேரும் இடத்தில் ஈரத்துணியைச் சுற்றி, காற்று புகாமல் இறுக்கிப் பிடித்து இரண்டு மூன்று நிமிடம்.

அக்கா (10:56): வந்துவிட்டது! முதலில் வெறும் உறுமல், அப்புறம் களக் என்று ஒரு சத்தம். விரல் நீளத்துக்குக் கறுப்பும் பழுப்புமாக ஒரு கட்டி, ஊறிய பஞ்சு மாதிரி வழவழவென்று இருந்தது. அதற்குப் பின்னாலேயே தண்ணீர் கொட்டியது.

சித்தப்பா (10:58): நிம்மதி. எம்சிபியை இன்னும் ஏற்றாதே. ஒரு டம்ளர் தண்ணீரை ட்ரேயில் மெதுவாக ஊற்றிப் பார். மின்பலகை இருக்கும் பக்கம் ஒரு துளிகூடப் படக்கூடாது.

நான் (11:04): ஊற்றினோம். அவ்வளவும் பால்கனிக்கு வந்துவிட்டது.

அத்தை (11:06): தம்பி, இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஏசியில் தண்ணீர் விழவில்லை, ஆனால் உள்ளே களக்களக் என்று சத்தம். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் அதிகமாகிறது.

சித்தப்பா (11:09): அறைக்காற்றை ஃபேன் வெளியே இழுக்கும்போது, ட்ரெயின் பைப் வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறும் அக்கா. அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருகிற சத்தம். ஃபேனை நிறுத்திப் பாருங்கள், இல்லாவிட்டால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். நின்றுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

அத்தை (11:11): பாசி வராமல் இருக்க ப்ளீச் ஊற்றலாமா?

சித்தப்பா (11:13): வேண்டாம், காயிலின் அலுமினியத்தை அரித்துவிடும். வினிகரோடு சேர்த்துவிட்டால் நச்சு வாயுவே வரும். அவ்வப்போது ஒரு டம்ளர் வெறும் தண்ணீர் ஊற்றிப் போகிறதா என்று பார்த்தால் போதும்.

நான் (11:15): வாளித் தண்ணீர் சுத்தமாகத்தானே தெரிகிறது, குடிக்கலாமா?

சித்தப்பா (11:16): கூடவே கூடாது. காயிலின் தூசியும் உலோகமும் ட்ரேயின் கிருமியும் அதில் இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் ஊற்றாதே. செடிக்கும் தரை துடைக்கவும் தாராளமாகப் பயன்படுத்து.

அக்கா (காலை 6:25): இரவு முழுக்க ஓடியது, உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை. நீளக் குழாயை எடுத்துவிட்டேன். பைப் முனையை வாளி விளிம்புக்கு ஒரு சாண் மேலே கட்டியிருக்கிறேன். வாளி முக்கால் நிறைந்திருக்கிறது சித்தப்பா, சர்வீஸ்காரரிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.