ஜெர்மனியில் முதல் சில வாரங்கள்: ரயில் பயணம், செல்பேசி இணைப்பு, ஓட்டுநர் உரிமம்

கேள்வி

வணக்கம். அடுத்த மாதம் 18ஆம் தேதி வேலை நிமித்தமாக ஜெர்மனி வருகிறேன். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஸ்டுட்கார்ட்டுக்கு அருகிலுள்ள கோப்பிங்கன் நகருக்குச் செல்ல வேண்டும். அலுவலகம் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறது. முதல் சில வாரங்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம்தான். வங்கிக் கணக்கும் இனிமேல்தான் தொடங்க வேண்டும். மாதப் பயணச்சீட்டை வருவதற்கு முன்பே வாங்கிவிடலாமா? செல்பேசிக்கும் வீட்டு இணையத்துக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் போடுவது நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

மாதப் பயணச்சீட்டுக்கு அவசரப்பட வேண்டாம். டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமாகி, 2025இல் 58 ஆகி, 2026 ஜனவரி முதல் 63 யூரோவாக உள்ளது. நாடெங்கும் நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில், வட்டார ரயில் அனைத்திலும் செல்லும் என்றாலும், ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களில் செல்லாது. இது நாட்காட்டி மாதத்துக்கான சந்தா. மாத நடுவில் வாங்கினாலும் முழுத் தொகையை வசூலிக்கும் விற்பனையாளர்கள் உண்டு. ஆகவே வந்த மாதத்தின் மிச்ச நாட்களைத் தனிப் பயணச்சீட்டுகளால் கடத்திவிட்டு, வங்கிக் கணக்கு வந்ததும் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து தொடங்குங்கள். நிறுத்த விரும்பினால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும். தவறினால் அடுத்த மாதத் தொகையும் போய்விடும்.

விமான நிலையத்திலிருந்து வரும் பயணத்துக்கு ஒரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கும் ஷ்பார்ப்ரைஸ் பயணச்சீட்டு, குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமாகி ரயிலைத் தவறவிட்டால் அதற்கு ரயில் நிறுவனம் பொறுப்பேற்காது, பணம் வீணாகும். கூடுதலாகச் செலவானாலும், அன்று எந்த ரயிலிலும் ஏற அனுமதிக்கும் ஃப்ளெக்ஸ்ப்ரைஸ் வாங்குங்கள். பெட்டிகளோடு வருகிறவருக்கு அந்த நிம்மதி பெரிது.

பதில் 2

இணைப்பைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். வந்த முதல் வாரத்திலேயே ஒரு கடைக்குச் சென்று, விற்பனையாளர் காட்டிய இடங்களிலெல்லாம் கையொப்பமிட்டேன். ஒப்பந்தம் 24 மாதங்களுக்கானது என்பதும், கடையில் நேரில் போட்ட ஒப்பந்தத்தைத் திரும்பப் பெறும் உரிமை சட்டப்படி இல்லை என்பதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இணையத்திலோ தொலைபேசியிலோ வீட்டு வாசலிலோ ஏற்படும் ஒப்பந்தங்களை மட்டுமே 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். வேறு ஊருக்கு மாறும் வாய்ப்பு இருக்கும்போது இந்த வேறுபாடு மிக முக்கியம்.

எனவே முதலில் ப்ரீபெய்ட் சிம் போதும். ஆல்டி, லிடில் போன்ற பேரங்காடிகளிலேயே கிடைக்கும். கடன் வரலாற்றைப் பார்க்கும் ஷூஃபா சோதனை இதற்குத் தேவைப்படாது. ஆனால் 2017 ஜூலை முதல், அடையாளத்தைச் சரிபார்த்த பிறகே சிம் இயங்கும். காணொளி அழைப்பில் உங்கள் கடவுச்சீட்டு ஏற்கப்படாவிட்டால், அஞ்சலகத்தில் நேரில் காட்டிச் சரிபார்க்கும் வழியுள்ள சிம்மைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு இணையத்தை நிரந்தர முகவரி அமைந்த பின் பார்த்துக்கொள்ளலாம். ஊர் எண்ணை மட்டும் அணைத்துவிடாதீர்கள். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கடையில் ஒப்பந்தம் போடும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். இன்னொரு ஐயம்: என்னிடம் இந்திய ஓட்டுநர் உரிமமும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் உள்ளன. அனுமதிச் சீட்டு ஓராண்டு செல்லுபடியாகும் என்பதால், அதுவரை கார் ஓட்டலாமா?

பதில் 3

கூடாது. பலரும் ஏமாறும் இடம் இதுதான். சீட்டில் எந்தத் தேதி இருந்தாலும், நீங்கள் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதங்கள் மட்டுமே இந்திய உரிமத்தைக் கொண்டு ஓட்டலாம். அதன் பிறகு ஓட்டுவது அபராதத்தோடு முடியும் சிறு தவறல்ல, உரிமமின்றி ஓட்டிய குற்றமாகவே கருதப்படும். ஜெர்மன் உரிமம் பெற எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். புதிதாகப் பழகுபவர்களுக்குரிய கட்டாய வகுப்புகள் உங்களுக்கு இல்லை என்றாலும், தேர்வுக்கு ஓட்டுநர் பள்ளியின் காரும் பயிற்றுநரும் வேண்டும் என்பதால் அங்கே சில முறை பயிற்சி பெறவே நேரும். எழுத்துத் தேர்வைத் தமிழில் எழுத முடியாது, ஆங்கிலத்தில் எழுதலாம். கண் பரிசோதனைச் சான்றும் முதலுதவிப் பயிற்சிச் சான்றும் விண்ணப்பத்தோடு தேவை. உரிமம் வழங்கும் அலுவலகத்தில் விண்ணப்பம் நகரவே பல வாரங்கள் ஆகலாம் என்பதால், முகவரியைப் பதிவு செய்தவுடனேயே விண்ணப்பித்துவிடுங்கள்.