ஷாங்காய் ஷிகுமென் சந்துகள்: கண்ணைவிட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

(ஷிகுமென்: ஷாங்காயின் பழைய கல்வாசல் வரிசை வீடுகள். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

பின்வாசல்

ஒரே அடுப்பங்கரை, ஏழு பல்பு. எரிவது ஒன்றுதான்.

புகாவ்லி என்னும் ஷிகுமென் குடியிருப்பு, கிளைச் சந்து, பின்கதவு திறந்து கிடக்கிறது. ஒவ்வொரு பல்பின் ஒயரும் மாடிப்படி ஓரமாகத் தனித்தனியே ஏறி அந்தந்தக் குடும்பத்தின் அறைக்குப் போகிறது. சுவிட்ச் அங்கே, மீட்டரும் தனி. சமைக்க இறங்குகிறவர் மேலேயே தன் விளக்கைப் போட்டுவிட்டு வருவார். அடுத்தவர் வெளிச்சத்தில் வெங்காயம் நறுக்கினால் மாதக் கடைசியில் பேச்சு வரும். குழாயும் அப்படித்தான். ஒரே தொட்டிமேல் வரிசையாகக் குழாய்கள், சிலவற்றுக்குத் தகரப் பெட்டி மாட்டிப் பூட்டு.

ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீடு இது. 1937-இல் போருக்குத் தப்பி ஓடிவந்தவர்கள் வெளிநாட்டவர் குத்தகைப் பகுதிகளில் குவிந்தபோது, முழு வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அறை அறையாக உள்வாடகைக்கு விட்டார். அவருக்கு 'எர்ஃபாங்டோங்', இரண்டாம் வீட்டுக்காரர் என்றே பெயர். அந்த ஏழு பல்பும் அந்தக் கணக்கின் மிச்சம்.

குடுமிக்கதவு

ஷிகுமென் என்ற பெயரே கல்வாசலிலிருந்து வந்தது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

கல் நிலை, அதற்குள் கறுப்பு அரக்குப் பூசிய இரட்டைக் கதவு, இரண்டு வளையம். பார்க்க வேண்டியது கதவின் மூலையை. கீல் இருக்காது. பலகையோடு சேர்ந்த மரக்குடுமி மேலும் கீழும் குழியில் சுழலும். கீழ்க்குழியில்தான் சனி பிடிக்கும். ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை பிளம் பழுக்கும் பருவத்து மழை விடாமல் தூறும். குழியில் நீர் தேங்கிக் குடுமி உளுத்து, கதவு ஒருபக்கம் சாய்ந்து தரையை உரசும். வாசற்கல்லில் கால்வட்டமாகக் கீறல் தெரிந்தால் அந்தக் கதவு சாய்ந்த பின்னும் பல காலம் திறந்து மூடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நான் பார்த்த ஒன்றில் கீறல் விரல் நுழையும் ஆழம்.

நிலைக்கு மேலே உள்ள முகப்பில் காலம் தெரியும். 1870-களின் வீடுகளில் முகப்பு எளிமையாக இருக்கும். 1910-களுக்குப் பின் கட்டியவற்றில் முக்கோணம், வளைவு, ஐரோப்பியப் பூங்கொடி வேலைப்பாடு எல்லாம் ஏறிக்கொள்ளும்.

அரைமாடி

பின்வாசல் சொன்ன அடுப்பங்கரைக்கு நேர்மேலே இருப்பதை விட்டுவிட்டீர்கள். மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு சின்னக் கதவு: டிங்ஸிஜியென். ஆறேழு சதுர மீட்டர், கூரை கையை உயர்த்தினால் தொடும் உயரம், ஒரே ஜன்னல், அதுவும் வடக்குப் பார்த்து. கீழே அடுப்பு, மேலே துணி உலர்த்தும் திறந்த தளம். கோடையில் கீழிருந்தும் மேலிருந்தும் சூடு, குளிர்காலத்தில் வெயிலே படாது. வீட்டிலேயே மலிவான அறை. 1930-களில் கையில் காசில்லாத எழுத்தாளர்கள் குடியேறியது இங்கேதான். 'டிங்ஸிஜியென் எழுத்தாளர்' என்று ஒரு வகையே உண்டு. அந்த வடக்கு ஜன்னல் விளிம்பில் ஒரு மேசை விளக்கு, அவ்வளவுதான் வெளியிலிருந்து தெரிந்தது. இன்னும் யாரோ இருக்கிறார்கள்.

சந்துமுனை

எல்லாரும் புகாவ்லி என்கிறீர்கள். கடைவீதியாக மாறிய சின்டியென்டியில் இதே கல்வாசலைச் சுத்தமாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் பார்க்கலாம். கறுப்புக் கதவில் மழைத்துளி வழிந்தது அப்படியே நினைவிருக்கிறது. புதிதாகப் போகிறவர்களுக்கு அதுவே போதும்.

குடுமிக்கதவு

போதாது. 2001-இல் திறந்த சின்டியென்டியில் வெளிச்சுவர்கள் பழையவை, உள்ளே எல்லாம் உணவகத்துக்கும் கடைக்கும் ஏற்றபடி புதிதாகக் கட்டியது. குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அரைமாடி அறை எங்கே, உலர்த்தும் தளம் எங்கே என்று அங்கே எப்படிப் புரியும்? கல்வாசல் மட்டும் நின்றால் அது ஷிகுமென் ஆகிவிடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வழித்துணை

சண்டை இருக்கட்டும். போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்.

புகாவ்லி இருப்பது ஷான்ஷி தெற்குச் சாலையும் ஜியான்குவோ மேற்குச் சாலையும் சந்திக்கும் மூலையில். மெட்ரோ 9 அல்லது 12-ஆம் தடத்தில் ஜியாஷான் சாலை நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கூகுள் வரைபடத்தை நம்ப வேண்டாம். சீனாவில் ஆயத்தொலைவு முறை வேறு என்பதால் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும், அடுத்த சந்துக்குள் போய் நிற்பீர்கள். அமேப் என்னும் சீன வரைபடச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டும் செயலியான அலிபேயில் வெளிநாட்டு அட்டையை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணைத்துவிடுங்கள்.

சீனப் பாணித் தோரணவாயில் தெரியும். அதில் சீனத்திலும் பிரெஞ்சிலும் பெயர் ('சித்தே பூர்கோஞ்'), கூடவே 1930. சீட்டு கிடையாது, ஏனென்றால் இது காட்சிக்கூடம் அல்ல, குடியிருப்பு. காவலர் கைகாட்டித் தடுத்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். காலை ஒன்பதரை முதல் பதினொன்று வரை நல்லது. அதற்குமேல் சமையல், பின்கதவுகளில் கூட்டம்.

உள்ளே முதலில் தலைமைச் சந்து, அதிலிருந்து இருபுறமும் கிளைகள். கிளையில் நுழைந்ததும் நில்லுங்கள். ஒரு வரிசையின் கல்வாசல் அடுத்த வரிசையின் பின்கதவைப் பார்த்திருக்கும். வருகிறவர்கள் கல்வாசலைப் படமெடுப்பார்கள், குடியிருப்பவர்கள் புழங்குவதோ பின்கதவில். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். பிறகு அண்ணாந்தால் கூரைச் சரிவில் துருத்தும் சின்ன ஜன்னல், லாவ்ஹுச்சுவாங், சொல்லுக்குச் சொல் 'புலி ஜன்னல்'. ஆங்கிலத்தின் 'ரூஃப்' ஷாங்காய் வாயில் புலியானது என்பார்கள். அதன் பின்னால் கூரைக்கடியில் பலகை அடித்து உண்டாக்கிய இன்னொரு வாடகை அறை இருக்கும்.

மூங்கில் கழியில் தொங்கும் துணிகளை, உள்ளூரில் 'உலக நாடுகளின் கொடிகள்' என்பதை, கிட்டே போய்ப் படமெடுக்காதீர்கள், அது அவர்கள் உள்ளாடை. திறந்த பின்கதவுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். பின்வாசல், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சுவரையும் கவனியுங்கள். செங்கல்மேல் சிமெண்ட் பூசிய இடத்தில் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூக்கும், செங்கல் தூளாக உதிரும். உத்தரம் சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் உளுக்கும், அங்கே கறையைத் தேடுங்கள்.

பிறகு கிழக்கே நடந்தால் டியென்ஸிஃபாங் என்னும் இன்னொரு சந்துப் பகுதி. அங்கே கீழே கடை, மேலே சில வீடுகளில் இன்னும் துணி காய்கிறது. சந்துமுனையும் குடுமிக்கதவும் ஆளுக்குப் பாதி சரி என்பது அங்கே போனால் தெரியும்.

பின்வாசல்

வழித்துணை, நான் வாசற்படியைத் தாண்டவில்லை, படமும் எடுக்கவில்லை. ஆனாலும் சொன்னது நியாயம்.

வளையவாளி

பல்பு, கதவு எல்லாம் சரி. கழிப்பறை?

இந்த வீடுகளின் பழைய வரைபடத்தில் அது கிடையாது. மாடோங் என்னும் மூடிபோட்ட மரவாளிதான், உலோக வளையம் போட்டது. அப்போதெல்லாம் விடியுமுன் வண்டி வரும், சந்துமுனையில் கொட்டிவிட்டு, பிளந்த மூங்கில் துடைப்பத்தோடு ஒரு பிடி சிப்பி ஓடுகளும் தண்ணீரும் போட்டுச் சுழற்றிக் கழுவுவார்கள். அடியில் படிந்ததை அந்த ஓடுகள் சுரண்டி எடுத்துவிடும். வெயிலில் அதிகம் காயவிட்டால் பலகைகள் சுருங்கி வளையம் கழன்று ஒழுகும், அதனால் நிழலில் சாய்த்து வைப்பார்கள். பெண்ணுக்குச் சீராகவும் இதைக் கொடுத்தார்கள், 'பிள்ளை பேரன் வாளி' என்ற பெயரில்.

பிறகு படிக்கட்டின் அடியிலும் முற்றத்து மூலையிலும் பீங்கான் பொருத்தினார்கள். சந்தில் ஒரு பின்கதவோரம் சிவப்பு வாளி ஒன்று, மூடி பாதி திறந்து, சுவரில் சாய்ந்திருந்தது. அடிப்பலகை ஈரம்.