ஹரேகிருஷ்ண மஹதாப் நூல்கள்: ஒடியா வாசிக்கத் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

ஒடிசாவின் முன்னாள் முதல்வர் ஹரேகிருஷ்ண மஹதாப் (1899–1987) பற்றித் தமிழில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு தயாராகிறது. அரசியல் பகுதி முடிந்தது: 1946–50, 1956–61 ஆட்சிக்காலங்கள், நடுவே பம்பாய் ஆளுநர் பதவி. 1950க்கு முன் மாகாண முதல்வரைப் 'பிரதமர்' என்றே அழைத்ததால் பழைய செய்திகளைப் படிக்கும்போது குழப்பம் வரும், கவனம்.

சிக்கல் இலக்கியப் பகுதியில்தான். 1942–45இல் அகமத்நகர் கோட்டைச் சிறையில் எழுதிய ஒடிசா வரலாறு, 1983இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற 'காவ் மஜ்லிஸ்' கட்டுரைத் தொகுப்பு, இவை இரண்டின் ஒடியாப் பதிப்பும் கையில் இருப்பவர்கள் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். பதிப்பு ஆண்டு அங்கேதான் இருக்கும். அட்டை மட்டும் போதாது. 'காவ் மஜ்லிஸ்' பல தொகுதிகளாக வந்தது, ஆகவே தொகுதி எண்ணும் தெளிவாகத் தெரியவேண்டும். நூலகப் பட்டியலில் தேடுபவர்கள் மஹ்தாப், மேதாப் என்றும் தேடிப் பாருங்கள்.