சிறுவயல் வழியாகக் காளையார்கோவிலுக்கு

காளையார்கோவிலுக்குச் சிறு வயதிலிருந்தே பலமுறை சென்றிருக்கிறேன். ஆயாவுடன் போய்ச் சொர்ணகாளீசுவரரைக் கும்பிட்டு, ஆனைமடுக் கரையில் சற்று உட்கார்ந்துவிட்டு, ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட பெரிய மருது, சின்ன மருது சகோதரர்களுக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள மருதுபாண்டியர் சமாதியை வெளியில் நின்றபடியே கையெடுத்து வணங்கிவிட்டு ஊர் திரும்பிவிடுவோம். அந்த ஊர் இருமுறை போர்க்களமாக இருந்தது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு சென்றது சென்ற புரட்டாசியில்தான்.

அம்மான் சொன்னபடி, காரைக்குடியிலிருந்து கல்லல் வழியாக முதலில் அரண்மனைசிறுவயலுக்குச் சென்றோம். சின்ன மருது வாழ்ந்த ஊர் அது. 1801 ஜூலை இறுதியில் ஆங்கிலேயக் கும்பெனியின் கர்னல் அக்னியூவின் படை நெருங்கியபோது, எதிரிக்குப் பயன்படக் கூடாதென்று மருது சகோதரர்களே அவ்வூருக்குத் தீ வைத்தார்கள். அங்கிருந்து காளையார்கோவில் வரை அடர்ந்த காடு. அதை வெட்டிப் பாதை அமைத்துக்கொண்டு முன்னேறக் கும்பெனிப் படை 32 நாட்கள் முயன்றது. மரங்களுக்கிடையே மறைந்திருந்து தாக்கியவர்களைச் சமாளிக்க முடியாமல் செப்டம்பர் தொடக்கத்தில் பின்வாங்கியது. படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவராக அறிவித்து மக்களைப் பிரித்த பிறகே, அக்டோபர் 1ஆம் தேதி காளையார்கோவிலை அவர்களால் பிடிக்க முடிந்தது. இன்று அந்தக் காடு இல்லை. கண்மாய்களும் வயல்களும் சீமைக்கருவேலமுமாக இருக்கும் அந்த வழியைக் காரில் எளிதாகக் கடந்துவிட்டோம் என்பதே எனக்கு மனத்தை உறுத்தியது.

சமாதியில் அன்று கூட்டம் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கேறிய அகல் ஒன்றில் திரி மட்டும் கருகிக் கிடந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்த அகலைத் துடைத்து, தாம் கொண்டுவந்திருந்த எண்ணெயை ஊற்றி ஏற்றினார். மருது வம்சத்தவரோ என்று நான் கேட்டேன். "இல்லை ஆச்சி, நமக்குப் பக்கத்துக் கிராமம். எங்க பாட்டன் பூட்டன்ல யாராச்சும் இந்தக் காட்டுலதான் விழுந்திருப்பாக. எந்த இடம்னு யாருக்குத் தெரியும்? அதான் இங்கேயே கும்பிட்டுக்கிறது" என்றார். அவர் சொன்னதைக் கேட்டபின் சமாதியை நான் பார்த்த விதமே மாறிப்போயிற்று. 1772 ஜூன் 25 அன்று சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் இதே ஊரில் வீழ்ந்தபோது அவருடன் மடிந்தவர்களுக்கும், 1801இல் காட்டுக்குள் மடிந்தவர்களுக்கும் நாங்கள் சென்ற வழியில் ஒரு பெயர்ப்பலகையைக்கூடக் காணவில்லை. தலைவர்களுக்குச் சிலையும் மண்டபமும் அமைத்திருக்கும் நாம், அவர்களை நம்பிக் காட்டில் நின்றவர்களுக்கு ஒரு நடுகல்லாவது வைத்திருக்க வேண்டாமா?

பெரிய மருது எழுப்பிய கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி, அதை இடித்துவிடுவதாக மிரட்டியதால்தான் இருவரும் பிடிகொடுத்தார்கள் என்று ஊரார் சொல்லும் கதையை அம்மான் சொன்னார். எனக்கு நினைவுக்கு வந்தவர் ஆங்கிலேயப் படையில் இருந்த வெல்ஷ். தமக்கு ஈட்டி எறியவும் வளரி என்னும் வளைந்த எறிகருவியை வீசவும் முதன்முதலாகக் கற்றுக்கொடுத்த சின்ன மருதுவை, விலங்கைப் போல வேட்டையாடப்பட்டவராகவும், பின்னர் தொடையெலும்பு முறிந்து சிறையில் கிடப்பவராகவும், கடைசியில் தூக்குமரத்திலும் கண்டதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். பகைவர் ஒருவரின் எழுத்தில் இவ்வளவு துயரம் இருப்பதை நினைத்து அங்கேயே சிறிது நேரம் நின்றேன்.

அக்டோபர் 24ஆம் தேதி அவர்கள் தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூரிலும் நினைவுச்சின்னம் இருக்கிறது. அதை வேறொரு நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அக்டோபர் 27 குருபூசையன்று காளையார்கோவிலில் பெருங்கூட்டம் கூடும். நிதானமாகப் பார்க்க விரும்புவோர் வேறு நாளில், சிறுவயல் வழியாகவே செல்லுங்கள்.

வாங்கியிருந்த செவ்வந்திப் பூவில் பாதியைச் சமாதியில் வைத்துவிட்டு, மீதியைத் திரும்பும் வழியில் ஒரு கண்மாய்க் கரையில் இறங்கித் தூவினோம். அம்மான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கினார்.