குதிரைக் கனவு விடாமல் வருகிறது. 22 வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி ஏறலாமா?

வெண்பிடரி:
கனவுக்குப் பலன் கேட்டு எழுதவில்லை. கல்லூரியில் என்.சி.சி.யின் குதிரைப் பிரிவான ரீமவுண்ட் அண்ட் வெட்டரினரியில் மூன்று வருட சவாரி, அதன்பின் 22 வருடமாக ஒன்றுமில்லை. வயது 43, எடை 76 கிலோ. படி இறங்கும்போது மட்டும் வலது முட்டி வலிக்கும். இரண்டு மாதமாக விடியற்காலையில் ஒரே கனவு: வியர்வையில் நனைந்த தோல் வாசனை, கொள்ளு மணக்கும் மூச்சு, ட்ராட்டின் (துள்ளுநடை) இரட்டைத் தாளம். கேன்டர் (மிதமான பாய்ச்சல்) ஆனதும் ரெய்ன்ஸை (கடிவாள வார்) எவ்வளவு இழுத்தாலும் குதிரை நிற்பதில்லை. பயமும் இல்லை. விழித்தால் ஏக்கம் மட்டும் மிச்சம்.
கனவு ஏன் இத்தனை துல்லியமாக வருகிறது? திரும்ப ஏற உடம்பை எப்படித் தயார் செய்வது? முதலில் மெரினாவில் ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாமா?

உறக்கப்படலம்:
தெளிவான கனவுகள் பெரும்பாலும் 'ரெம்' உறக்கத்தில், அதாவது மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் உறக்கத்தில் வருபவை. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு முறை அது வந்துபோகும் என்றாலும், விடியும் நேரத்துச் சுற்றுதான் நீளமானது. அதிலிருந்து நேராக விழிப்பதால் கனவு நினைவில் தங்குகிறது. அந்த வேளையில் கண்ணும் மூச்சுத் தசையும் தவிர உடம்பு ஏறக்குறைய செயலற்றுக் கிடக்கும். மூளை 'இழு' என்றாலும் கை அசையாது, பிடி இறுகிய உணர்வும் திரும்பி வராது. ஓட முடியாத, கத்த முடியாத கனவுகளுக்கும் இப்படி ஒரு விளக்கம் சொல்வதுண்டு. நிற்காத குதிரைக்கும் அது பொருந்தும்.
தாளம் மறக்காததில் வியப்பில்லை. சைக்கிள், நீச்சல், சவாரி எல்லாம் உடம்பு கற்ற பழக்கங்கள். பெயரும் தேதியும் மங்குவதுபோல் அவை மங்குவதில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தைச் சுமக்கும் தசை அப்படியே இருக்காது. ஆபத்து இங்கேதான். பத்தாவது நிமிடத்தில் எல்லாம் திரும்பிவிட்டது போலத் தோன்றும், இருபதாவது நிமிடத்தில் தொடை கைவிட்டுவிடும்.

முட்டிவைத்தியம்:
படி இறங்கும்போது வரும் வலி பெரும்பாலும் முட்டிச்சில்லின் பின்புறத்து அழுத்தம். ஏறுமுன் ஒரு முறை காட்டிவிடுங்கள். அங்கவடியை (சேணத்திலிருந்து வாரில் தொங்கும், பாதம் ஊன்றும் வளையம்) குட்டையாக வைத்தால் முட்டி அதிகம் மடங்கி அதே இடத்தில்தான் அழுத்தும். வழக்கத்தைவிட வாரில் ஒரு துளை நீளமாக வையுங்கள்.
ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் போதும். உட்கார்ந்தபடி முட்டிகளுக்கு நடுவே ஃபுட்பாலை வைத்து 10 விநாடி அழுத்தி விடுங்கள், பத்து முறை. படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைக் கீழே இறக்கி 30 விநாடி, மூன்று முறை. கெண்டைக்கால் இறுகியிருந்தால் குதிகால் மேலே ஏறி, அங்கவடிக்குள் பாதம் நழுவிப் போகும். இடுப்பின் முன்பக்கத் தசையை நீட்டும் பயிற்சியை விடவே விடாதீர்கள். நாளெல்லாம் நாற்காலியில் உட்காருபவருக்கு அது சுருங்கிப்போய், சேணத்தில் உடம்பு தானாக முன்னால் கவிழும். ட்ராட்டில் நிமிடத்துக்கு 70 தடவைக்கு மேல் எழுந்து உட்கார வேண்டும், ஆகவே கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரவும் பழகுங்கள்.
பலம் வேண்டும் என்பதற்கு முட்டியால் கவ்விப் பிடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. முட்டியால் கவ்வினால் கீழ்க்கால் பின்னால் ஆடும், உடம்பு மேலே எகிறும்.

லாயம்:
மெரினா வேண்டாம் அக்கா. கூட்டம், திறந்த வெளி, முன்பின் தெரியாத குதிரை. வேலியடைத்த மைதானமும் லஞ்ச் கயிறு (நடுவில் நின்று குதிரையை வட்டமாக ஓட்டும் நீளக் கயிறு) பிடிக்கத் தெரிந்த பயிற்சியாளரும் உள்ள பள்ளிதான் வேண்டும்.
முதலில் எடைக் கணக்கு. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. 76 கிலோவோடு சேணம் 8 கிலோ, ஆக 84. குதிரை 420 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். சிறிய கத்தியவாரி இனக் குதிரைக்கு இது அதிகம், ரேஸ் குதிரை இனமான தரோபிரெட் தாங்கும். ஆனால் நம் ஊர்ப் பள்ளிகளில் இருக்கும் தரோபிரெட்டுகளில் பல ரேஸிலிருந்து ஓய்வு பெற்றவை. அவற்றுக்கு ரெய்ன்ஸின் இறுக்கம் 'நில்' அல்ல, சாய்ந்து ஓடுவதற்கான பிடிமானம். உங்கள் கனவில் நடப்பதேதான்! இழுத்துக்கொண்டே இருந்தால் நிஜக் குதிரையும் நிற்காது. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை விட்டு, விரலை ஒரு கணம் மூடி உடனே தளர்த்த வேண்டும். தளர்த்துவதில்தான் குதிரைக்குப் பதில் புரிகிறது. அதற்கும் மசியாவிட்டால் பெரிய வட்டத்தில் திருப்பி, வட்டத்தை மெல்ல மெல்லச் சுருக்குங்கள். நாலுகால் பாய்ச்சலில் தலையைச் சட்டென்று ஒரு பக்கம் இழுத்தால் குதிரையே விழும்.
ஹெல்மெட் குதிரைச் சவாரிக்கென்று செய்ததாக இருக்கட்டும், பைக் ஹெல்மெட் வேண்டாம். வார் மாட்டாமல் தலையை ஆட்டினால் நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும், அதுதான் சரியான அளவு. ஒரு முறை பலமாக அடி வாங்கியதை மறுபடி போடாதீர்கள், உள்ளே நசுங்கியது வெளியே தெரியாது. செருப்பும் ஸ்போர்ட்ஸ் ஷூவும் கூடாது. இரண்டு சென்டிமீட்டராவது குதி உள்ள ஷூ போட்டால்தான் பாதம் அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து சிக்காது.
ஏறுமுன் வயிற்று வாரை நீங்களே பாருங்கள். இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பும். ஐந்து நிமிடம் நடத்தியபின் மறுபடி இறுக்காவிட்டால், ஏறும்போதே சேணம் பக்கவாட்டில் சுழலும். அங்கவடி அளவுக்கு, விரல்நுனியை, அங்கவடி வார் மாட்டியிருக்கும் சேணத்துக் கொக்கியில் வைத்து அங்கவடியை அக்குளுக்கு நீட்டிப் பாருங்கள். தரையிலிருந்து தொற்றாமல் மேடையில் நின்று ஏறுங்கள். குதிரையின் முதுகுக்கும் உங்கள் முட்டிக்கும் அதுதான் நல்லது.
முதல் நாள் அரை மணி போதும். லஞ்ச் கயிற்றில், 20 மீட்டர் வட்டத்தில் நடை, கடைசியில் இரண்டு மூன்று சுற்று ரைசிங் ட்ராட் (தாளத்தோடு எழுந்து உட்காரும் ட்ராட்). வட்டத்தின் வெளிப்பக்கம் இருக்கும் குதிரையின் முன்னங்கால் முன்னே போகும்போது எழ வேண்டும். தாளம் மாறிப் போனால் இரண்டு தாளத்துக்கு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் சரியாகிவிடும். கேன்டருக்கு அவசரமே இல்லை. தொடை வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், அதனால் அடுத்த வகுப்பை மூன்று நாள் தள்ளி வையுங்கள்.
பணம் கட்டுமுன் லாயத்துக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். வாயோரத்தில் புண், வயிற்று வார் படும் இடத்தில் காயம், ஆறேழு வாரம் தாண்டியும் மாற்றாமல் குளம்பு வளர்ந்து மூடும் லாடம், இதில் எது கண்ணில் பட்டாலும் வேறு இடம் தேடுங்கள்.

வெண்பிடரி:
நன்றி. என்.சி.சி.யில் அங்கவடி இல்லாமல்தான் முதலில் பழக்கினார்கள். இப்போதும் அப்படியே தொடங்கலாமா?

லாயம்:
நடையில் ஐந்து நிமிடம் செய்யலாம், லஞ்ச் கயிற்றில் மட்டும். ட்ராட்டில் வேண்டாம் அக்கா. தொடை களைத்ததும் முட்டியால் கவ்வத் தொடங்குவீர்கள், பழகிய குதிரை அல்லாவிட்டால் அதை 'வேகமாகப் போ' என்று எடுத்துக்கொள்ளும். ஏழெட்டு வகுப்பு ஆகட்டும்.