கிரீன் டீ சாக்லேட் இறுகிப் போகுது, ஏன்?

ஊட்டிக்காரி:
வெள்ளை சாக்லேட் 200 கிராம் உருக்கி, நீலகிரி கிரீன் டீ இலையை மிக்ஸியில பொடிச்சு 2 டீஸ்பூன் போட்டேன். ஒரே நிமிஷத்துல இறுகிடுச்சு. நாக்குல நறநறன்னும் இருக்கு.

மலைக்காற்று:
ரெண்டும் வேற வேற கோளாறு. இறுகினது ஈரத்தால. ரெண்டு சொட்டு ஆவித்தண்ணி போதும், சாக்லேட்ல இருக்கிற சர்க்கரை ஈரமாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். தண்ணி கொதிச்சதும் அடுப்பை அணைச்சிட்டு கிண்ணத்தை மேல வைங்க. அடி தண்ணியைத் தொடக் கூடாது. ஊட்டி உயரத்துல தண்ணி 93 டிகிரி வாக்குல கொதிக்கும், ஆனா வெள்ளை சாக்லேட்டுக்கு 45 தாண்டினாலே ஆபத்து. கரண்டியும் நல்லா காய்ஞ்சிருக்கணும்.

தேயிலைப்பிரியன்:
நறநறப்புக்குக் காரணம் இலை நரம்பு. மட்சாங்கிற ஜப்பான் கிரீன் டீ பொடிக்கு நரம்பு, காம்பு நீக்கிக் கல்லுல அரைப்பாங்க. மிக்ஸிக்கு அது வராது. பொடிக்காம 80 மில்லி கிரீமைச் சுட வச்சு, கொதிக்கறதுக்கு முன்னாடி இறக்கி, 2 டீஸ்பூன் இலை போட்டு 5 நிமிஷம் மூடுங்க. அதுக்கு மேல விட்டா கசக்கும். இலை கொஞ்சம் கிரீமைக் குடிச்சிடும்; வடிகட்டி 60 மில்லிக்குச் சரிக்கட்டி, உருகின 200 கிராம்ல கலக்குங்க. நிறம் வெளிறித்தான் வரும், மணம் அருமை.

ஊட்டிக்காரி:
இறுகினதைத் தூக்கிப் போடணுமா அண்ணா?

மலைக்காற்று:
வேண்டாம்மா. சூடான கிரீம் 4 டேபிள்ஸ்பூன், கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கிளறுங்க, இளகிடும். அச்சுல ஊத்த ஆகாது, உருண்டை பிடிக்கலாம். நறநறப்பு மட்டும் போகாது. மழைக்காலத்துல ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தா டப்பாவை உடனே திறக்காதீங்க, வேர்த்துப் பிசுபிசுக்கும்.