எல்லாம் இருந்தும் படுக்கையறை வேலை முடியாததுபோல் தெரிவது ஏன்?

கேள்வி: அஸ்தம்பட்டி வாசகர்

நண்பர்களுக்கு வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் சொந்த வீட்டின் படுக்கையறையைப் பற்றி ஆலோசனை கேட்க விரும்புகிறேன். அறை 12க்கு 10 அடி. கட்டில், மெத்தை, பீரோ என வேண்டியவை எல்லாம் உள்ளன. சுவருக்கு இளமஞ்சள் எமல்ஷன் அடித்திருக்கிறோம். ஆனாலும் குடிவந்த நாளிலிருந்து அந்த அறை பாதி வேலையில் நிற்பதுபோலவே இருக்கிறது. எங்கே குறை என்று எங்களால் சொல்ல முடியவில்லை. பீரோவுக்கு மேலே கான்கிரீட் லாஃப்ட். அதில் பித்தளை அண்டா, கொலு பொம்மைப் பெட்டிகள், பழைய சூட்கேஸ்கள் எல்லாம் திறந்தபடி கிடக்கின்றன. ஜன்னலுக்குக் கடையில் வாங்கிய திரை, சுவரில் ஒரு ட்யூப்லைட், கட்டிலுக்குப் பின்னால் வெறும் சுவர்.

இன்டீரியர் வேலை செய்பவர்களிடம் கேட்டால் ஃபால்ஸ் சீலிங்கில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள்; அந்தச் செலவுக்கு நாங்கள் தயாராக இல்லை. என்னிடம் டிரில்லிங் மெஷின் இருக்கிறது, ஆனால் தச்சு வேலை தெரியாது. நானும் என் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து முடிக்கக்கூடிய சிறு வேலைகள் எவை, அவற்றில் எதை முதலில் செய்யலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சூரமங்கலம் வாசகர்

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், பகல் வெளிச்சத்தில் அறையின் விளிம்புகளை மட்டும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சுவரும் தரையும் சேரும் இடம், சுவரும் கதவு நிலையும் சேரும் இடம், சுவிட்ச் போர்டைச் சுற்றியுள்ள இடம் ஆகிய மூன்றும்தான் ஓர் அறை முடிந்துவிட்டதா இல்லையா என்பதைச் சொல்கின்றன. கொத்தனார், எலக்ட்ரீஷியன், பெயின்டர் மூவரும் தத்தம் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒருவர் வேலையும் மற்றவர் வேலையும் சந்திக்கும் கோட்டுக்கு மட்டும் யாரும் பொறுப்பேற்பதில்லை.

முதலில் ஸ்கர்ட்டிங்கை, அதாவது சுவரின் அடியில் ஓடும் டைல்ஸ் பட்டையைப் பாருங்கள். நம் ஊர் வீடுகளில் 4 அங்குல டைல்ஸ் ஸ்கர்ட்டிங் சுவரைவிடச் சற்று முன்னே தள்ளி நிற்கும். அதன் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஒழுங்கற்ற பள்ளம் இருக்கும். அதில் தூசி படிந்து கறுத்த கோடாகிவிட்டால், எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்திருந்தாலும் சுவர் அழுக்காகவே தோன்றும். பழைய பல்துலக்கியால் தூசியை நீக்கிவிட்டு, மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் அக்ரிலிக் சீலன்ட்டை (இடைவெளியை அடைக்கும் பசை) ஒரே சீராக இழுத்து, ஈர விரலால் ஒருமுறை தடவிவிட்டு, அது காய்வதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். கடையில் பெரும்பாலும் சிலிக்கான் சீலன்ட்டையே எடுத்து நீட்டுவார்கள். அதன்மேல் பெயின்ட் பிடிக்காது என்பதால் அக்ரிலிக் என்று கேட்டே வாங்க வேண்டும்.

கதவு நிலை ஓரத்து விரிசல் வேறு வகையானது. மரம் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். பக்கத்திலுள்ள சிமென்ட் பூச்சு அப்படி அசையாது. ஆகவே அந்த இடத்தில் எத்தனை முறை பட்டி பார்த்தாலும் அடுத்த சித்திரையில் அது மறுபடியும் வெடிக்கும். விரிசலை நிரப்ப முயல்வதைவிட மறைப்பதே தீர்வு. ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குல அகலமுள்ள மரப் பீடிங்கை, அதாவது மெல்லிய மரப்பட்டையை, நிலையைச் சுற்றி அடித்தால் போதும். மேல்மூலைகளில் இரண்டு துண்டுகளையும் 45 டிகிரியில் அறுத்துச் சேர்க்க வேண்டும். தச்சு வேலை தெரியாது என்கிறீர்கள். அளவை எழுதிக் கொடுத்தால் மரக்கடையிலேயே அறுத்துத் தருவார்கள். பீடிங்கின் ஆணிகளை நிலையில் மட்டும் இறக்குங்கள். சுவரிலும் சேர்த்து இறக்கினால் மரம் அசையும்போது பீடிங் பிளந்துவிடும்.

சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கைபட்டுக் கறுத்த சுவரும், பிளேட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் உடைந்த பூச்சும் அடுத்த வேலை. மெயின் ஸ்விட்சை அணைத்து, டெஸ்டர் வைத்துச் சோதித்த பிறகு பிளேட்டைக் கழற்றி, ஓரத்தில் பட்டி வைத்து, காய்ந்ததும் 180 எண் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, பிறகு மீந்திருக்கும் பெயின்ட்டைத் தொட்டுவிடுங்கள். பிரைமர் இல்லாமல் அடித்தால் அந்த இடம் மட்டும் மங்கலான திட்டாகத் தெரியும். கையோடு கீல்களிலும் தாழ்ப்பாள்களிலும் ஜன்னல் கண்ணாடியிலும் சிந்தியிருக்கும் பெயின்ட் துளிகளைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிடுங்கள். இதற்குக் காசே ஆகாது, ஆனால் அறையின் முகம் மாறிவிடும்.

பதில் 2: ஃபேர்லேண்ட்ஸ் வாசகர்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் முதலிடத்தை நான் விளக்குக்கே கொடுப்பேன், ஏனெனில் அது பத்து நிமிட வேலை. உங்கள் ட்யூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளையாக இருக்கும் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்). அது மளிகைக்கடைக்குப் பொருந்தும், படுக்கையறைக்குப் பொருந்தாது. இளமஞ்சள் சுவர் அந்த நீலம் கலந்த வெளிச்சத்தில் வெளிறித் தெரிவதில் வியப்பில்லை. பல்பு அட்டையில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ட்யூப்லைட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பீரோவில் எதையாவது தேடும்போது அது வேண்டும். மாலைக்குப் பின் எரிவதற்குக் கட்டிலின் இருபுறமும் இரண்டு சிறு விளக்குகள், ஒவ்வொன்றிலும் 5 வாட் எல்இடி பல்பு வைத்தால் போதுமானது. ஒரே அறையில் ஒரு விளக்கு மஞ்சளாகவும் ஒன்று வெள்ளையாகவும் ஒரே நேரத்தில் எரிவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இறக்கைக்கு மேலே விளக்கு அமையும் ஃபேன்களையும் பரிந்துரைக்க மாட்டேன். சுற்றும்போது நிழல் வெட்டி வெட்டி விழுவதில் தலைவலியே மிஞ்சும்.

பதில் 3: ஏற்காடு வாசகர்

சேலத்து அறைக்குச் சொல்லும் யோசனைகள் அத்தனையும் மலைமேல் செல்லாது என்பதால், எங்களைப்போல் 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டத்துக்கு நடுவே வாழ்பவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்று கருதி இதை எழுதுகிறேன். இங்கே தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் அடுத்தடுத்து வரும். வெளிச்சுவரில் ஓதம் இருக்கும்போது பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால், ஒரு மழைக்காலத்திலேயே கொப்புளம் கொப்புளமாக உப்பிக்கொண்டு வரும்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். கனமான பாலிதீன் துண்டு ஒன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவையுங்கள். பாலிதீனுக்குப் பின்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கூரை விளிம்பு, வெளிப்பூச்சு, பைப் கசிவு ஆகியவற்றைப் பார்க்காமல் உள்ளே ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். அறையைப் பார்த்த பக்கத்தில் துளி இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் படிந்தது. பகலில் ஜன்னலைத் திறந்துவைப்பதும், பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் அளவு தள்ளி வைப்பதும் பெருமளவு உதவும். சுவரோடு ஒட்டி நின்ற பீரோவை நகர்த்திப் பாருங்கள், பூஞ்சை அதன் நிழல்போல் படர்ந்திருக்கும்.

கட்டிலின் தலைமாட்டுக்கு ஃபோம் வைத்துத் துணி போர்த்திய பலகையைப் பலரும் சொல்வார்கள். சேலத்தில் தாராளமாகச் செய்யலாம்: 12 மி.மீ. பிளைவுட், 2 அங்குல ஃபோம், பருத்தித் துணி, ஸ்டேப்ளர் துப்பாக்கி இருந்தால் ஒரு பிற்பகலில் முடியும். வெளிச்சுவரை ஒட்டிய கட்டிலுக்கு ஏற்காட்டில் நான் அதைச் செய்ய மாட்டேன், ஏனெனில் ஃபோம் ஈரத்தைக் குடித்துவிட்டு விடாது. இங்கே மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த, காற்றோட்டமுள்ள தலைமாடுதான் சரி. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரம் எளிதில் கிடைக்கும். நன்றாக உலர்ந்த சட்டமாகப் பார்த்து எடுக்காவிட்டால் கோணிக்கொள்ளும். பிளைவுட்தான் வேண்டும் என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள, நீரைத் தாங்கும் மரைன் ரகத்தை வாங்குங்கள். ஐஎஸ் 303 முத்திரையில் வரும் சாதாரண ரகம் தொடர்ந்த ஈரத்துக்கு ஆகாது.

பதில் 4: அம்மாப்பேட்டை வாசகர்

துணி விஷயத்தில் மட்டும் சொல்கிறேன். ஆயத்தத் திரைகள் 5, 7, 9 அடி நீளங்களில்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. 7 அடி உயரத்தில் ஜன்னல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பியை ஜன்னல் சட்டத்தோடு ஒட்டி மாட்டாமல் அரை அடி மேலே ஏற்றி, இருபுறமும் அரை அடி வெளியே நீட்டி மாட்டினால், திரையை ஒதுக்கும்போது கண்ணாடி முழுவதும் திறந்து ஜன்னலே பெரிதாகத் தெரியும். இப்போது 7 அடித் திரை கணுக்கால் தெரியும் வேட்டிபோல் தரைக்கு மேலே நின்றுவிடும். ஆகவே 9 அடித் திரையை வாங்கி, ஒருமுறை துவைத்துச் சுருங்கவிட்டு, பிறகு தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் அளவுக்கு வெட்டி மடித்துத் தையுங்கள். துவைக்காமல் வெட்டிய பருத்தித் திரை அடுத்த சலவையில் கட்டாயம் குட்டையாகிவிடும். துணியின் மொத்த அகலம் கம்பியின் நீளத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மூடும்போது கொசுவம் விழாமல் போர்வையை மாட்டியதுபோல் இருக்கும். கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடக்கும் அறையில் தரைவரை திரை வேண்டாம். ஜன்னல் திண்டுக்கு அரை அடி கீழே நிறுத்திவிடலாம்.

உங்கள் அறையில் உண்மையான தொல்லை அந்த லாஃப்ட்தான் என்று நினைக்கிறேன். கதவு போடச் செலவு அதிகம். லாஃப்ட் வாய்க்கு மேலே சீலிங்கில் ஒரு மெல்லிய ட்ராக் அடித்து, சுவரின் அதே இளமஞ்சளில், பூ வேலை ஏதும் இல்லாத துணியைத் தொங்கவிடுங்கள். 10 அடி நீளத்துக்கு நடுவே தாங்கல் இல்லாமல் கம்பி போட்டால் தொய்ந்துவிடும். துணியை லாஃப்ட் பலகையின் கீழ் விளிம்புவரை இறக்கினால் கான்கிரீட் ஓரமும் மறையும். நிறம் சுவரோடு சேர்ந்துவிட்டால் மேலே ஒரு லாஃப்ட் இருப்பதே கண்ணில் படாது. கட்டிலின் பக்கவாட்டில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்துப் பாருங்கள். அந்த அடர்நிறக் கோடுகள் அறைக்குப் போதும்; மெத்தை விரிப்பு அதன்பிறகு வெற்று நிறமாக இருப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்: அஸ்தம்பட்டி வாசகர்

அனைவருக்கும் நன்றி. லாஃப்ட்டைப் பற்றிச் சொன்னதைப் படித்ததும் என் மனைவி சீலிங்கை அளக்கத் தொடங்கிவிட்டார். ஒரு சந்தேகம்: கட்டிலின் ஒரு பக்கம் ப்ளக் பாயின்ட் இருக்கிறது, மறுபக்கம் இல்லை. அங்கே விளக்கு மாட்டச் சுவரை வெட்டாமல் வழி உண்டா? கட்டிலுக்கு மேலே ஒரு படமும் மாட்ட எண்ணம்.

பதில் 1 எழுதியவர்: சூரமங்கலம் வாசகர்

உண்டு. ப்ளக்கில் செருகும் வகை சுவர்விளக்கை வாங்கி, அதன் ஒயரை ஸ்கர்ட்டிங்கின் மேல் விளிம்பை ஒட்டி மெல்லிய பிவிசி கேசிங்குக்குள் (ஒயரை மூடும் பிளாஸ்டிக் உறை) கொண்டுபோங்கள். கேசிங்கை ஒட்டுவதற்கு முன்பே சுவரின் பெயின்ட்டை அதற்கும் அடித்துவிட்டால் கட்டிலுக்குப் பின்னால் அது தெரியாது. ஒயரை வெறுமனே ஆணி அடித்து இழுத்துவிடாதீர்கள்.

துளை போடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: சுவருக்குள் போகும் ஒயர் பெரும்பாலும் சுவிட்ச் போர்டிலிருந்தும் ப்ளக் பாயின்ட்டிலிருந்தும் செங்குத்தாக மேலேயோ கீழேயோதான் செல்லும். அந்த நேர்கோட்டில் எங்கேயும் டிரில் வைக்க வேண்டாம். மற்ற இடத்தில் 6 மி.மீ. பிட்டால் துளைத்து, பிளாஸ்டிக் ப்ளக் அடித்து, ஸ்குரூ முடுக்கினால் படம் உறுதியாக நிற்கும். படத்தின் அடிவிளிம்பு தலைமாட்டுப் பலகையிலிருந்து 6 முதல் 8 அங்குலத்துக்குள் இருக்கட்டும். கண்ணாடி போட்ட கனமான படத்தைத் தலைக்கு மேலே மாட்டுவதாக இருந்தால் ஒரு கொக்கியை நம்பாமல் இரண்டு போடுங்கள்.